உலகளந்த பெருமாள் ஊரில் ஒரு மிதிவண்டிப் பாதை

மார்கழி மாதத்து விடியற்பொழுது. தென்பெண்ணையாற்றின் மணற்பரப்பிலிருந்து எழுந்த பனி திருக்கோவிலூர் வீதிகளில் இறங்கி நிற்கிறது. உலகளந்த பெருமாள் கோயிலில் திருப்பாவை சேவிக்கும் நேரம் நெருங்குகிறது. வாசல் தெளித்துக் கோலமிடும் பெண்கள் அதற்கு முன்பே வீதிக்கு வந்துவிட்டனர். ஈரம் காயாத அந்தத் தெருவின் ஊடே, கேரியரில் பூக்கூடையைக் கட்டிக்கொண்டு, மணியை மெல்ல ஒலித்தபடி ஒரு மிதிவண்டி கடந்து செல்கிறது. அதை ஓட்டி வருபவர் எழுபது வயதைத் தொட்ட அடியவராக இருக்கலாம். பாட்டி தொடுத்த மாலையைச் சந்நிதியில் சேர்த்துவிட்டுப் பள்ளிக்குச் செல்லவிருக்கும் பேத்தியாகவும் இருக்கலாம். இருவருக்கும் வேண்டுவது ஒன்றே: புறப்பட்டபடியே வீடு திரும்புவதற்கு ஒரு பத்திரமான வழி.

கள்ளக்குறிச்சி 2019 ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. மேற்கே கல்வராயன் மலை அரணாக நிற்க, அங்கிருந்து கோமுகி ஆறும் மணிமுத்தாறும் சமவெளியை நோக்கி இறங்குகின்றன. வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் ஏறும் வளைவுச் சாலைகளில் மிதிவண்டி ஓட்டுவது இளைஞர்க்கே கடினம். ஏறுகையில் மூச்சு வாங்கும், இறங்குகையில் பிரேக் தளரும். மலையை விட்டுக் கிழக்கே வர வர நிலம் சமமாகிறது. கரும்பும் நெல்லும் விளையும் அந்தச் சமவெளியில், பெண்ணையாற்றின் தென்கரையில் அமைந்த திருத்தலமே திருக்கோவிலூர். ஊருக்குள் திருமாலுக்கு ஒரு திவ்ய தேசம். சற்றுத் தள்ளிக் கீழையூரில் சிவபெருமானுக்கு ஓர் அட்ட வீரட்டானம். இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் சேவித்துத் திரும்பிய தலைமுறைகள் இங்கே வாழ்ந்தன. அவர்களுள் பலர் நடந்தனர். பின்னாளில் பலர் மிதிவண்டியில் சென்றனர்.

இன்று அந்தப் பழக்கம் வீட்டுக்கு வீடு குறைந்து வருகிறது. “முழங்கால் வலிக்கிறது” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. உண்மையில் பலரைத் திண்ணையிலேயே உட்கார வைப்பது முழங்கால் வலியன்று. சாலையைப் பற்றிய அச்சமே. பின்னால் வரும் பேருந்தின் ஒலிப்பான், வளைவில் முட்டுவது போல் திரும்பும் மோட்டார் சைக்கிள், எதிர்த்திசையில் வரும் ஷேர் ஆட்டோ இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, வீட்டுப் பூசையறையிலேயே விளக்கேற்றிவிட்டு அமர்ந்துவிடுகின்றனர். பெருமாள் எங்கும் இருக்கிறார் என்பது உண்மையே. ஆயினும் ஐம்பது ஆண்டுகள் சேவித்த சந்நிதியை ஒரு சாலைக்கு அஞ்சிக் கைவிடுவது மனத்துக்குப் பெரும் குறை. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதற்குப் பரிகாரமும் உண்டு. கோயிலுக்குச் செல்லும் பாதையை முன்கூட்டியே ஆராய்ந்து தேர்ந்துகொள்வதே அது.

ஐந்து முனையும் மாட வீதியும்

திருக்கோவிலூர் ஊருக்குள் கடலூர்–சித்தூர் மாநில நெடுஞ்சாலை வருகிறது. திருவண்ணாமலைக்கும் பண்ருட்டிக்கும் கள்ளக்குறிச்சிக்கும் செல்லும் வண்டிகள் ஊரைத் தொட்டுச் செல்கின்றன. அவை கூடிக் கலையும் இடமே ஐந்து முனைச் சந்திப்பு. இத்தகைய சந்திப்பில் ஏன் இவ்வளவு நெரிசல், ஏன் இவ்வளவு இடர் என்பதைப் போக்குவரத்துப் பொறியியல் எளிதாகக் கணக்கிட்டுச் சொல்கிறது. மூன்று சாலைகள் கூடும் இடத்தில் வண்டித் தடங்கள் ஒன்றையொன்று வெட்டவோ இணையவோ பிரியவோ கூடிய புள்ளிகள் 9. நான்கு சாலைகள் கூடினால் அவை 32 ஆகின்றன. ஒரே ஒரு சாலை கூடியதற்கே மும்மடங்குக்கு மேல் உயர்வு. ஐந்தாவது சாலையும் சேர்ந்தால் எண்ணிக்கை இன்னும் பெருகும். மிதிவண்டியில் வருபவர் அத்தனை புள்ளிகளையும் இரண்டு கண்களால் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழைய கோயில் நகரங்களை அமைத்தவர்கள் மோட்டார் வண்டியைக் கண்டதில்லை. எனினும் அவர்கள் வகுத்த மாட வீதிகளில் ஓர் ஒழுங்கு உண்டு. உற்சவ மூர்த்தி வலம் வரவும், தேர் திரும்பவும், அடியவர் கூட்டம் நிற்கவும் இடம் விட்டே அவை அமைக்கப்பட்டன. கோயிலைச் சுற்றி நான்கு புறமும் செல்லும் இவ்வீதிகளில் ஒவ்வொரு முனையும் ஒரு திருப்பம். அதனால் எந்த வண்டியும் நெடுந்தூரம் விரைந்து செல்ல இயலாது. அகலமான நெடுஞ்சாலை வேகத்தை அழைக்கிறது. மாட வீதி நிதானத்தைக் கேட்கிறது. ஆகவே பாதையைத் தேர்பவர் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது இது: பேருந்து செல்லும் வழியைத் தவிர்த்து, சுவாமி புறப்பாடு செல்லும் வழியை ஒட்டிச் செல்லுதல் நலம். அரைக் கிலோமீட்டர் கூடுதலானாலும் பாதகமில்லை.

சாலையின் இடப்பக்கம் செல்லும் நம் நாட்டில் இடப்பக்கத் திருப்பம் எளிது. ஓரத்திலிருந்து ஓரத்துக்கே திரும்பிவிடலாம். வலப்பக்கம் திரும்புவதற்கு நடுச்சாலைக்கு வந்து, எதிர்வரும் வண்டிகளையும் பின்வரும் வண்டிகளையும் ஒருசேர நோக்க வேண்டும். கழுத்தைத் திருப்புவது கடினமான வயதில் இதுவே பெரிய இடர். முடிந்தவரை இடத் திருப்பங்களாலேயே அமையும் பாதையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வலத் திருப்பம் தவிர்க்க முடியாததானால், சந்திப்புக்கு முன்பே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து கடந்து, அப்பாலிருந்து மீண்டும் ஏறுவதே தக்கது. இறங்கித் தள்ளுவதில் ஒரு குறையும் இல்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது போல, சந்திப்பு வாசலில் சீட்டை விட்டு இறங்குவதையும் வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

இடைகழி தந்த பாடம்

இடம் குறைந்த வழியில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குத் திருக்கோவிலூரைவிடச் சிறந்த ஆசான் வேறெங்கும் இல்லை. மிருகண்டு முனிவரின் ஆசிரமம் இங்கே இருந்தது என்பது ஐதீகம். மழையும் இருளும் சூழ்ந்த ஓர் இரவில், காஞ்சியில் அவதரித்த பொய்கையாழ்வார் அதன் இடைகழியில் ஒதுங்கிப் படுத்தார். சற்று நேரத்தில் கடல்மல்லையில் அவதரித்த பூதத்தாழ்வார் வந்தார். ஒருவர் படுக்கக்கூடிய இடத்தில் இருவர் அமரலாம் என்று பொய்கையார் எழுந்து அமர்ந்தார். பின்னர் மயிலையில் அவதரித்த பேயாழ்வாரும் வந்தார். இருவர் அமரக்கூடிய இடத்தில் மூவர் நிற்கலாம் என்று மூவரும் நின்றனர். அப்போது நான்காவதாக ஒருவர் உட்புகுந்து நெருக்குவதை உணர்ந்தனர். பொய்கையாரும் பூதத்தாரும் பாசுரத்தால் விளக்கேற்ற, நெருக்கியவர் திருமாலே என்று பேயாழ்வார் கண்டு பாடினார். முதல் மூன்று திருவந்தாதிகள் பிறந்தது இவ்வாறு. இடைகழிக்கு வடமொழியில் தேஹளி என்று பெயர். அதனால் இத்தலத்துப் பெருமாள் தேஹளீசர் எனப்படுகிறார். வேதாந்த தேசிகரும் அப்பெயராலேயே அவரைத் துதித்து ஒரு ஸ்துதி அருளினார்.

முதலில் வந்தவர் “இது என் இடம்” என்று சொல்லவில்லை. பின்னால் வந்தவரும் தள்ளி விலக்கவில்லை. படுத்தவர் அமர்ந்தார், அமர்ந்தவர் நின்றார். ஒவ்வொருவரும் தம் இடத்தில் சிறிது விட்டுக்கொடுத்ததால்தான் நால்வருக்கு இடம் உண்டாயிற்று; அந்த நால்வரில் ஒருவர் பெருமாள். இன்றைய கடைத்தெருவும் ஓர் இடைகழியே. காரில் வருபவர், மோட்டார் சைக்கிளில் வருபவர், மிதிவண்டியில் வருபவர், நடந்து வருபவர் ஆகிய நால்வரும் அதே அகலத்தில் செல்ல வேண்டும். பெரிய வண்டியில் வருபவர் வேகத்தைக் குறைப்பதும், கடைக்காரர் தட்டுப் பலகையை உள்ளே இழுத்துக்கொள்வதும், மிதிவண்டிக்காரர் கோலமிடும் பெண்ணுக்காகக் காலூன்றி நிற்பதும் ஒரே குணத்தின் வெளிப்பாடுகள். நெருக்குபவர் யார் என்று தெரியாத இருளில், அவர் பெருமாளாகவும் இருக்கலாம் என்பதே இடைகழி தரும் பாடம்.

முதலில் நடந்து அளத்தல்

மகாபலியிடம் மூன்றடி மண் கேட்டுப் பெற்ற வாமனர், வளர்ந்து நின்று ஓரடியால் மண்ணையும் மற்றோரடியால் விண்ணையும் அளந்தார். அந்த திரிவிக்கிரமத் திருக்கோலத்தைக் காண விரும்பித் தவமிருந்த மிருகண்டு முனிவருக்குப் பெருமாள் காட்சி தந்த தலம் இது. மூலவர் இன்றும் ஒரு திருவடியை உயரத் தூக்கிய கோலத்திலேயே சேவை சாதிக்கிறார். பூங்கோவல் நாச்சியார் உடனுறையும் அந்தச் சந்நிதிக்குச் செல்லும் வழியையும் முதலில் காலால் அளந்துவிடுவதே முறை.

பாதையைத் தேர்ந்த பின்னர் வண்டியை எடுக்கக் கூடாது. எந்த நேரத்தில் செல்ல எண்ணமோ, அதே நேரத்தில் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். விடியற்காலையில் அமைதியாகத் தோன்றும் தெரு, பள்ளி விடும் மாலைவேளையில் வேறு முகம் காட்டும். சந்தை நாளில் நடமாட இடமிருக்காது. நடக்கும்போது கவனிக்க வேண்டியவை பல: மூடியில்லாத வடிகால், ஓரத்தில் குவிந்த மணல், நிழலில் தெரியாத வேகத்தடை, குழாயடியில் தேங்கிய நீர், நிறுத்தி வைத்த கார்களின் கதவு திறக்கும் பக்கம், கூட்டமாகப் படுத்திருக்கும் நாய்கள், பேருந்து நிலையத்தின் வாயில். இவற்றை ஒரு தாளில் புள்ளிகளாகக் குறித்துக்கொள்ளலாம். கோலத்தில் புள்ளியைத் தொடாமல் அதைச் சுற்றிக் கோடு வளைந்து செல்வது போல, அந்தப் புள்ளிகளைச் சுற்றிப் பாதை அமைய வேண்டும்.

பெரிய சாலையைக் கடக்கும் இடத்தைத் தேர்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஏழு மீட்டர் அகலமுள்ள சாலையை, நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் கடப்பதற்கு ஏழு நொடிகள் ஆகும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் செல்லும்; ஏழு நொடியில் ஏறத்தாழ 78 மீட்டர். ஆகவே இருபுறமும் குறைந்தது 80 மீட்டர் தொலைவு தெளிவாகக் காணக்கூடிய இடத்தில்தான் கடக்க வேண்டும். பெரியவர் ஒருவரின் நடையில் அது சுமார் 130 அடிவைப்பு. எண்ணி நடந்து பார்த்தால், வளைவை ஒட்டிய இடமும், நிற்கும் லாரியின் மறைவும், புளியமரத்து அடியும் ஏன் ஆகாது என்பது தானே விளங்கும். வண்டிகள் இதைவிட விரைந்து வரும் சாலையானால் இன்னும் நீண்ட தொலைவு தெரிய வேண்டும்.

வேகத்தைப் பற்றி மற்றொன்றும் அறியத்தக்கது. வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டிக்கும் 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு உயிருக்கும் உயிரிழப்புக்கும் உள்ள வேறுபாடாகிவிடலாம். அதனால்தான் வண்டிகள் குறைவான சாலையைவிட, வண்டிகள் மெதுவாகச் செல்லும் தெருவே பத்திரமானது. ஆளில்லாத புறவழிச்சாலையை நம்பி இறங்குவது தவறு. அங்கே வரும் ஒரே ஒரு வண்டியும் மிகுந்த வேகத்தில் வரும்.

கரும்பு வண்டிக் காலம்

இப்பகுதிக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. மாவட்டத்தின் வடபகுதியில் மூங்கில்துறைப்பட்டிலும், மலையடிவாரப் பக்கத்தில் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ளன. திருக்கோவிலூருக்குக் கிழக்கே பெரியசெவலையிலும் ஓர் ஆலை உண்டு. அரவைப் பருவம் தொடங்கிவிட்டால், கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் இரவும் பகலும் சாலையில் செல்லும். அதே பருவத்தில்தான் மார்கழியும் தையும் வருகின்றன. டிரெய்லரின் இருபுறமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். சில வண்டிகளில் பின்விளக்கும் இருக்காது. பனி மூடிய விடியலில் அவற்றை ஒட்டி முந்திச் செல்ல முயலக் கூடாது. பேருந்தோ லாரியோ இடப்புறம் திரும்பவிருக்கும்போது அதன் இடப்பக்கச் சந்தில் நுழையவும் கூடாது. அந்த மூலையில் இருப்பவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. நின்று, பெரிய வண்டியைப் போகவிட்டு, பின்னர் செல்வதே முறை.

ஆற்றங்கரை வழியும் எல்லாக் காலத்துக்கும் ஏற்றதன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறந்துவிடப்பட்டபோது, பெண்ணையில் பெருவெள்ளம் வந்ததை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் கரையோர வழியையும் தரைப்பாலத்தையும் பாதையிலிருந்து நீக்கிவிட வேண்டும். வெயில் காலத்துக்கு ஒரு பாதை, மழைக்காலத்துக்கு ஒரு பாதை என இரண்டு வைத்திருப்பது நலம்.

கீழையூர் வீரட்டானம்

உலகளந்த பெருமாளைச் சேவித்த அடியவர் அடுத்துச் செல்வது கீழையூருக்கு. அந்தகாசுரனைச் சிவபெருமான் அடக்கிய வீரட்டானம் அங்கே இருக்கிறது. அம்பிகை விளையாட்டாக இறைவனின் திருக்கண்களைப் பொத்தியபோது சூழ்ந்த இருளில் பிறந்தவன் அந்தகன் என்பது புராணம். இருளே அசுரனாயிற்று, அதை ஒளியே வென்றது. பெருமாள் கோயிலிலும் இருளில் விளக்கேற்றியதே வரலாறு. சிவன் கோயிலிலும் இருளை வென்றதே வரலாறு. விடியற்காலையில் வண்டி எடுப்பவர் முன்னால் வெள்ளை விளக்கும், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் இல்லாமல் புறப்படக் கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? மங்கிய நிறச் சால்வையைவிட வெள்ளை வேட்டியும் துண்டும் தொலைவிலேயே தெரியும். வேட்டியின் நுனி சங்கிலியில் சிக்காமல் உறையும், புடவை சக்கரத்தில் சிக்காமல் வலைத்தடுப்பும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கால்களும் தரையில் ஊன்றும் அளவுக்கு சீட்டைத் தாழ்த்திக்கொள்வதும் வயதுக்கு ஏற்ற முன்னெச்சரிக்கை.

இந்த வீரட்டானத்துக்கு அருகே ஆற்றுக்குள் எழுந்து நிற்கிறது கபிலர் குன்று. பாரியின் மகளிரை மணம் செய்வித்த பின் புலவர் கபிலர் தீப்புகுந்த செய்தியை, முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இக்கோயிலில் சொல்கிறது. அந்த இராசராசனின் தாயார் வானவன் மாதேவியார் இந்த மலையமான் மண்ணின் மகளே.

1896 ஆகஸ்ட் இறுதியில் இவ்வழியில் ஓர் இளைஞர் நடந்து வந்தார். மதுரையிலிருந்து புறப்பட்ட வேங்கடராமன் என்ற அந்தப் பதினாறு வயதினர், கையில் காசு தீர்ந்ததால் மாம்பழப்பட்டில் ரயிலை விட்டிறங்கி, ஆற்றின் வடகரையிலுள்ள அரையணிநல்லூர்க் கோயிலுக்கு நடந்தே வந்தார். அங்கு ஓர் ஒளியைக் கண்டார். அன்றிரவே அர்ச்சகர்களைப் பின்தொடர்ந்து கீழூர் வீரட்டானத்துக்கு வந்தார். மேளக்காரர் ஒருவர் தம் பங்குச் சோற்றை அவருக்கு அளித்தார். பசியாலும் களைப்பாலும் அவர் வழியில் மயங்கி விழுந்தும் எழுந்தார். மறுநாள் கோகுலாஷ்டமி, ஊரில் ஓர் அன்பர் வீட்டில் உணவு கிடைத்தது. காதுக் கடுக்கனை அடகு வைத்து ரயிலேறி, செப்டம்பர் 1 ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். அவரே பகவான் ரமண மகரிஷி. மோட்டார் வண்டி இப்பக்கம் எட்டிப் பாராத காலம் அது. இருளில், மயக்கத்தில், அறியாத ஊரில் ஓர் இளைஞர் விழுந்தபோதும், அவர் எழுவதற்கு வழி இடம் கொடுத்தது.

ஔவையின் நிதானம்

வீரட்டானத்தில் எழுந்தருளியுள்ள பெரியானைக் கணபதியை வணங்காமல் யாரும் திரும்புவதில்லை. சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் புறப்பட்டபோது, ஔவையார் இந்தக் கணபதிக்குப் பூசை செய்துகொண்டிருந்தாராம். அவர்களோடு செல்லும் ஆவலில் பூசையை விரைந்து முடிக்க முற்பட்டார். நிதானமாகச் செய் என்று கணபதி அருளினார். ஔவையும் மனம் அமைந்து விநாயகர் அகவலைப் பாடிப் பூசையை முடித்தார். கணபதி தம் துதிக்கையால் அவரைத் தூக்கி, யானையும் குதிரையும் சென்று சேரும் முன்பே கயிலையில் சேர்த்துவிட்டார் என்பது இத்தலத்து வரலாறு.

முதியவர்கள் இதை அடிக்கடி நினைத்துக்கொள்ளலாம். விசுவரூப தரிசனத்துக்கு நேரமாகிவிட்டதே என்று பெடலை அழுத்துவது, தீபாராதனை மணி கேட்டவுடன் சந்திப்பைப் பாராமல் கடப்பது எல்லாம் பக்தியின் பெயரால் வரும் அவசரமே. பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டால் அந்த அவசரத்துக்கு இடமில்லை. உடலுக்கு முடியாத நாளில் வண்டியைத் தொடாமல் நடப்பதும், நடக்கவும் முடியாத நாளில் வீட்டிலிருந்தே வணங்குவதும் இறைவன் ஒப்பும் வழிபாடுதான்.

ஊர் மனம் வைத்தால்

பாதையைத் தேர்வது தனி ஒருவரின் பொறுப்பு. பாதையைப் பத்திரமாக்குவது ஊரின் பொறுப்பு. அது இயலாத காரியமன்று என்பதற்குக் கோயில்களே சான்று. இங்கிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவிலுள்ள திருவண்ணாமலையில், 14 கி.மீ. கிரிவலப் பாதையில் நடப்பவர்களுக்கெனத் தனி நடைபாதை உண்டு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகள் வண்டிகள் இல்லாத வீதிகளாயின. சென்னை மாநகராட்சி 2014 இல் நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019 இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதைகள் திறக்கப்பட்டன.

கடல் கடந்தும் ஒரு படிப்பினை உண்டு. மிதிவண்டிக்குப் பெயர்பெற்ற நெதர்லாந்து நாட்டில் 1971 ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் இறந்தவர் சுமார் 3,300 பேர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கினர். குழந்தைகள் பள்ளிக்குச் செல்லும் வழி பத்திரமாக வேண்டும் என்று கேட்டனர். அதன் பிறகே வீட்டுத் தெருக்களில் வண்டிகளின் வேகம் குறைக்கப்பட்டது. மிதிவண்டிக்கெனத் தனிப்பாதைகள் பெருகின. இன்று அங்கே எண்பது வயதினரும் மிதிவண்டியில் செல்கின்றனர். குழந்தைக்காகச் செய்தது முதியவருக்கும் பயன்பட்டது.

நம் ஊரிலும் தேரோட்டத்தன்று எந்த வண்டியும் வீதிக்குள் வருவதில்லை. யாரும் அதைக் குறை சொல்வதுமில்லை. பெருமாளுக்காக ஒரு நாள் வழிவிடத் தெரிந்த ஊர், காலையிலும் மாலையிலும் பள்ளி நேரத்தில் அதே வீதியில் வேகத்தைக் குறைத்துக்கொள்ள முடியாதா? தெரு விளக்கு எரியவில்லை, வடிகாலுக்கு மூடி இல்லை, சந்திப்பில் வேகத்தடை இல்லை என்று நகராட்சிக்கு எழுதித் தருவதற்கு, தெருவை நடந்து அளந்த பெரியவரைவிடத் தகுதியுடையவர் யார்? மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சிக்கும் இதே முறை பொருந்தும். சேலம், சங்கராபுரம், கச்சிராயபாளையம், தியாகதுருகம் ஆகிய ஊர்களை நோக்கிய சாலைகள் நகருக்குள் வந்து கலக்கின்றன. அங்கே சிதம்பரேஸ்வரரைத் தரிசிக்க வரும் முதியவரும், நான்முனைச் சந்திப்பைக் கடந்து பள்ளி செல்லும் சிறுமியும் இதே போல் தங்கள் புள்ளிகளைக் குறித்து, தங்கள் கோட்டை வளைத்துக்கொள்ளலாம்.

மெய்ப்பொருளார் காட்டிய வழி

திருக்கோவிலூரின் வீதிகளைப் பற்றிப் பேசும்போது, இங்கிருந்து சேதி நாட்டை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரை நினையாமல் முடிக்க இயலாது. போரில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசிய சிவனடியார் வேடத்தில், சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்குள் நுழைந்தான். வணங்கிய மன்னரைக் குத்தினான். காவலன் தத்தன் வாளை உருவியபோது, இவர் நம்மைச் சேர்ந்தவர் என்று மன்னர் தடுத்தார். பின்னர் அவர் இட்ட கடைசிக் கட்டளை, தம்மைக் கொன்றவனை எந்த இடரும் நேராமல் நகரைக் கடத்திவிட்டு வா என்பதே. சினம் கொண்ட மக்கள் தெருத்தெருவாக மறித்தனர். தத்தன் ஒவ்வொரு கூட்டத்துக்கும் மன்னரின் ஆணையை எடுத்துச் சொல்லி, வழி விலக்கி, மக்கள் நடமாட்டம் இல்லாத எல்லைவரை கொண்டுபோய் விட்டுத் திரும்பினான். அந்தச் செய்தி வரும்வரை மன்னர் உயிரைத் தாங்கி நின்றார். அவன் பத்திரமாகச் சென்றான் என்று கேட்ட பிறகே அமைதி கொண்டார். இறைவன் காட்சி தந்து ஆட்கொண்டார். சேக்கிழார் பெரிய புராணத்தில் இவ்வரலாற்றை விரித்துரைக்கிறார்.

பகைவனுக்கே இவ்வூர்த் தெருவில் பத்திரமான வழி வேண்டும் என்று எண்ணிய மன்னர் ஆண்ட ஊர் இது. அவ்வூரில் ஒரு பேரக்குழந்தைக்குப் பத்திரமான வழி வேண்டாமா? தமிழக அரசு 2001–02 கல்வியாண்டில் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் கையில் வண்டி வந்துவிட்டது. எந்தத் தெருவில் செல்ல வேண்டும் என்பதை அரசு சொல்லித் தருவதில்லை. அதை அறிந்தவர்கள் வீட்டிலேயே இருக்கின்றனர். எந்தச் சந்து எங்கே போய்ச் சேரும், எந்த மூலையில் மழைநீர் தேங்கும், எந்தத் திருப்பத்தில் எதிர்வருவது தெரியாது என்பதெல்லாம் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் மனப்பாடம். வண்டி ஓட்டும் வயது கடந்திருக்கலாம். வழி சொல்லும் வயது கடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதையை ஒரு முறை நடந்து காட்டினால் போதும். ஓட்ட வேண்டிய இடம், இறங்கித் தள்ள வேண்டிய இடம், போகவே கூடாத இடம் என்று மூன்று நிறத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவள் மறக்க மாட்டாள்.

அதன் பிறகு ஒரு மாலைவேளை. விளக்கேற்றும் நேரம். திண்ணையில் அமர்ந்து தெருவையே நோக்கியிருக்கும் பாட்டியின் உதடுகள் நாராயண நாமத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. தத்தன் திரும்பும்வரை மெய்ப்பொருளார் காத்திருந்தது போன்ற ஒரு காத்திருப்பு அது. தெருமுனையில் மணி ஒரு முறை மெல்ல ஒலிக்கிறது. பாட்டி எழுந்து உள்ளே சென்று, அகல்விளக்கின் திரியைத் தூண்டிவிடுகிறார்.